35 சதவீத மானியத்தை நம்பி இரண்டாவது செக்கு வாங்கலாமா?

வாசகர் கேள்வி: ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சிப் பக்கம் நான்கு வருடமாக மரச்செக்கு வைத்துக் கடலை எண்ணெய், நல்லெண்ணெய் ஆட்டி விற்கிறேன். வயது 38, பிளஸ் டூ படித்திருக்கிறேன். மாமனார் இடத்தில் ஷெட். முத்ரா கடன் 3 லட்சம் வாங்கி மாதம் 6,500 கட்டி வருகிறேன், இன்னும் ஒன்றரை வருடம் பாக்கி. மாதம் 600 லிட்டர் போல விற்கிறது. கடலை, எள், கூலி, கரண்டு எல்லாம் போகத் தவணைக்கு முன்னால் 34,000 நிற்கும். இப்போது இன்னொரு செக்கு, ஃபில்டர், பாட்டிலில் நிரப்பும் இயந்திரம் என்று 11 லட்சம், ஷெட்டைப் பெரிதாக்க 4 லட்சம், கடலை இருப்பு வைக்க 3 லட்சம், ஆக 18 லட்சம் தேவைப்படுகிறது. 35 சதவீதம் அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். அவருக்கு மானியத்தில் 5 சதவீதம், முன்பணம் 15,000. செக்கு விற்பவர் இந்த மாதமே எடுத்தால் 60,000 குறைப்பதாகச் சொல்கிறார். வாங்கிவிட்டு அப்புறம் மானியத்துக்கு எழுதிக்கொள்ளலாமா? தங்கை பெயரில் புது கம்பெனி என்று காட்டினால் வேறு திட்டத்திலும் கிடைக்கும் என்கிறார்கள், செய்யலாமா? பஞ்சாயத்து யூனியனில் கடனோ மானியமோ உண்டா? விற்பனைப் பணம் பெரும்பாலும் ஜிபேயில் கணவர் நம்பருக்கு வரும், அதைப் பற்றியும் சொல்லுங்கள்.

பதில்:

வணக்கம் அம்மா. முதலில் அவசரமான விஷயம். செக்குக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 60,000 தள்ளுபடிக்காக இந்த மாதமே எடுத்தால், பல லட்சம் மானியத்துக்கான வழியை நீங்களே அடைத்துவிடுவீர்கள். நீங்கள் கேட்கும் மானியம் வங்கிக் கடனோடு கட்டப்பட்டது. வங்கி கடனை அனுமதித்து, அந்தப் பணத்தில் இயந்திரம் வாங்கி, பில் வங்கியின் பெயரைச் சுமந்து வந்தால்தான் அது கணக்கில் சேரும். கைக்காசு போட்டு முன்பே வாங்கிய இயந்திரத்துக்குப் பின்னால் கடனும் இல்லை, கடன் இல்லாத இடத்தில் அந்த மானியமும் இல்லை. விற்பவரிடம் ஜிஎஸ்டி எண்ணோடு, மாடல், குதிரைத்திறன், விலை எல்லாம் எழுதிய கொட்டேஷன் மட்டும் வாங்குங்கள். அதே தள்ளுபடியைக் கடன் வந்த பிறகும் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தருவார். செக்கு செய்கிறவர்கள் ஈரோடு, திருப்பூர், கோவை வட்டாரத்தில் ஒருவர் இருவர் இல்லையே.

இனி மானியத்துக்கு வருவோம். ஏஜென்ட் சொன்ன 35 சதவீதம் பொய்யில்லை. மத்திய அரசு 2020ல் தொடங்கிய, உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்கான பி.எம்.எஃப்.எம்.இ. திட்டம் அது. தகுதியான திட்ட மதிப்பில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். ஏற்கெனவே நடக்கிற தொழிலை விரிவாக்கவும் இதில் இடம் உண்டு. உங்களுக்குப் பொருந்துவதே அதனால்தான். ஈரோட்டுக்கு இத்திட்டத்தில் ‘ஒரு மாவட்டம் ஒரு பொருள்’ என்று மஞ்சளைக் குறித்திருப்பதால் எண்ணெய்க்குக் கிடையாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நடந்துகொண்டிருக்கும் தனிநபர் தொழிலுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. 2025-26 வரை என்று இத்திட்டத்தை நீட்டித்திருந்தார்கள். ஆகவே மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனதும் முதல் கேள்வியாக, திட்டம் இப்போது நடப்பில் இருக்கிறதா, இந்த நிதியாண்டின் இலக்கில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

உங்கள் 18 லட்சத்தில் எதற்கெல்லாம் மானியம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கடலை வாங்கி வைக்கும் 3 லட்சம் நடைமுறை மூலதனம், அது மானியக் கணக்கில் வராது. இயந்திரம் 11, கட்டடம் 4, ஆக 15 லட்சம். கட்டடச் செலவு தகுதியான மதிப்பில் 30 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, உங்களுடையது அதற்குள் இருக்கிறது. 15 லட்சத்தில் 35 சதவீதம் என்றால் 5.25 லட்சம். நீங்கள் கையிலிருந்து போட வேண்டியது 10 சதவீதம், அதாவது ஒன்றரை லட்சம். மீதி 13.5 லட்சம் வங்கிக் கடன்.

ஏஜென்ட் சொல்லாமல் விட்டது இனிமேல்தான் வருகிறது. அந்த 5.25 லட்சம் உங்கள் கைக்கு வராது. கடன் கொடுத்த வங்கியிலேயே, உங்கள் பெயருக்கான தனிக் கணக்கில் போய் உட்காரும். மூன்று வருடம் நீங்கள் தவணை தவறாமல் கட்டி, தொழிலும் நடந்துகொண்டிருந்தால்தான் அதைக் கடனில் கழிப்பார்கள். நடுவில் கடன் வாராக் கடனாகிவிட்டால் வங்கி தனக்கு வர வேண்டிய பாக்கிக்கு அதை எடுத்துக்கொள்ளும். நான் கிளையில் இருந்த காலத்தில், மானியம் வந்த அன்றே பாஸ்புக்கோடு வந்து “எப்ப சார் எடுக்கலாம்?” என்று கேட்பவர்கள் நிறையப் பேர். பாதிப் பேர் அந்தப் பணத்தை நம்பி வெளியில் கைமாற்று வாங்கியிருப்பார்கள்.

அதனால் முதல் மூன்று வருடத்துக்கு மானியமே இல்லை என்று வைத்துத்தான் நான் எப்போதும் கணக்குப் போடச் சொல்வது. 13.5 லட்சத்துக்கு 11 சதவீத வட்டி, 5 வருடம் என்று எடுத்துக்கொண்டால் மாதத் தவணை 29,350 வரும். முத்ரா தவணை 6,500 சேர்ந்தால் 35,850. உங்களுக்கு இப்போது நிற்பது 34,000. புரிகிறதா? இன்றைய விற்பனையில் வீட்டுக்கு ஒரு ரூபாய் எடுக்காமல் கட்டினாலும் மாதம் 1,850 துண்டு விழுகிறது.

விற்பனை கூடத்தானே போகிறது என்பீர்கள். எவ்வளவு கூட வேண்டும் என்று பார்ப்போம். உங்களுக்கு லிட்டருக்கு 56, 57 ரூபாய் நிற்கிறது. தவணை 35,850ஐயும் கட்டி, இப்போது வீட்டுக்கு எடுக்கும் 27,500ஐயும் விடாமல் எடுக்க வேண்டும் என்றால் மாதம் 1,100 லிட்டருக்கு மேல் விற்க வேண்டும். நான்கு வருடத்தில் 600க்கு வந்தவர் ஒரு வருடத்தில் 1,100க்குப் போக முடியாதா என்றால், முடியலாம். யார் வாங்குவார்கள் என்று பெயர் சொல்ல முடிந்தால் முடியும். கடிதத்தில் இயந்திரத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், ஷெட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், கூடுதல் எண்ணெயை எங்கே விற்பீர்கள் என்று ஒரு வரி இல்லை. வங்கி மேலாளரும் முதலில் அதைத்தான் தேடுவார். இரண்டு மளிகைக் கடையோ, ஒரு கேட்டரிங்காரரோ, ஒரு ஆர்கானிக் கடையோ, மாதம் இவ்வளவு எடுத்துக்கொள்கிறோம் என்று லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தால், அது ஐம்பது பக்கத் திட்ட அறிக்கையைவிட அதிகம் பேசும். சும்மா மரியாதைக்குக் கொடுக்கும் கடிதமாக இருக்கக் கூடாது, அது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. இப்போதுள்ள செக்கு ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது? காலையில் நான்கு மணி நேரம் ஓடி நிற்கிறது என்றால் உங்களுக்குத் தட்டுப்பாடு இயந்திரத்தில் இல்லை, விற்பனையில். அப்படியானால் இரண்டாவது செக்கு எதையும் தீர்க்காது. மாறாக, தீபாவளி, பொங்கல் சமயத்தில் ஆர்டரைத் திருப்பி அனுப்புகிறீர்கள், எள்ளும் கடலையும் ஒரே செக்கில் மாற்றி மாற்றி ஆட்டுவதால் கழுவித் துடைக்கவே பாதி நாள் போகிறது என்றால் இரண்டாவது செக்கு நியாயமான தேவை. கடிதத்தில் இது தெளிவாக இல்லாததால் இரண்டாவது வகை என்றே எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

எனக்குச் சரியாகப் படுவது, 18 லட்சத்தை ஒரே மூச்சில் இறக்காமல் பாதியில் நிறுத்துவது. செக்கும் ஃபில்டரும் 6 லட்சத்துக்குள் வரட்டும். ஷெட்டில் அவசியமான தரை, சுவர், வயரிங் வேலைக்கு 2 லட்சம். மொத்தம் 8 லட்சம். உங்கள் பங்கு 80,000, கடன் 7.2 லட்சம், தவணை 15,650 அளவில் வரும். முத்ராவோடு சேர்த்து 22,150. இப்போதைய வருமானத்திலேயே கட்டிவிடலாம், வீட்டுக்கு 12,000 கூட மிஞ்சாது என்பது மட்டும்தான் சிரமம். மாதம் 880 லிட்டரைத் தொட்டுவிட்டால் அந்தச் சிரமமும் இல்லை. ஒன்றரை வருடத்தில் முத்ராவும் முடிந்துவிடும். மானியம் 2.8 லட்சம்.

பாட்டில் நிரப்பும் இயந்திரத்தைப் பிறகு வாங்கினால் அதற்கு இந்த மானியம் கிடைக்காமல் போகலாம், ஷெட்டின் மீதி வேலைக்கும் அப்படித்தான். 7 லட்சத்துக்கு 35 சதவீதம் என்றால் 2.45 லட்சம். போகட்டும் என்றுதான் சொல்வேன். 880 லிட்டரைக் கையால் நிரப்பலாம், இரண்டு பேர் வேலை. 2.45 லட்சத்துக்கு ஆசைப்பட்டு 6.3 லட்சம் கூடுதல் கடனை, தேவை வருவதற்கு முன்பே தலையில் ஏற்றிக்கொள்வது எனக்கு உவப்பில்லை. மானியம் வருகிறது என்பதற்காகவே வாங்கப்பட்டு, துணி போர்த்தி மூலையில் நிற்கும் இயந்திரங்களை நம் மாவட்டங்களில் எந்தத் தொழிற்பேட்டைக்குப் போனாலும் காட்டலாம். மேலும், தகுதியான குறு உற்பத்தி நிறுவனங்களுக்கு இயந்திர மதிப்பில் 25 சதவீதம் மூலதன மானியம் தமிழ்நாடு அரசே தருகிறது. இரண்டாம் கட்டம் வரும்போது அது உங்களுக்குப் பொருந்துமா என்று பார்த்துக்கொள்ளலாம். ஒரே இயந்திரத்துக்கு இரண்டு மானியம் வாங்க முடியாது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

கடலை இருப்புக்கான 3 லட்சத்தை இயந்திரக் கடனோடு கலக்காதீர்கள். அறுவடைக் காலத்தில் வாங்கி, ஆட்டி, விற்றுத் திருப்பும் பணம் அது. அதற்கு ஐந்து வருடத் தவணைக் கடன் பொருந்தாது, சிசி லிமிட் என்று சொல்லப்படும் கேஷ் கிரெடிட்தான் சரி. எடுத்த தொகைக்கும் எடுத்த நாளுக்கும் மட்டும் வட்டி. வங்கிகள் இதற்கு நாயக் கமிட்டி கணக்கு என்று ஒன்று வைத்திருக்கின்றன. வரும் வருடத்தில் எதிர்பார்க்கும் விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனத் தேவை, அந்த 25ல் 20ஐ வங்கி தரும், மீதி 5 உங்களுடையது. எதிர்பார்க்கும் விற்பனையை நீங்கள் சொன்னால் போதாது, பழைய விற்பனை அதற்குச் சாட்சி சொல்ல வேண்டும்.

அங்கேதான் ஜிபே விஷயம் வருகிறது. பணம் கணவர் நம்பருக்குப் போகிறது என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். வங்கியின் கண்ணில் அந்த விற்பனை உங்களுடையது இல்லை. உங்கள் கணக்கைத் திறந்து பார்க்கும் மேலாளருக்கு மாதம் 600 லிட்டர் தெரியாது, 150 லிட்டர்தான் தெரியும். இந்த வாரமே கடன் வாங்கியுள்ள வங்கியிலேயே தொழில் பெயரில் நடப்புக் கணக்கு திறந்து, அதன் க்யூஆர் அட்டையைக் கடையில் ஒட்டுங்கள். ரொக்கமாக வருவதையும் வாரம் ஒருமுறையாவது அதில் கட்டி, பிறகு செலவுக்கு எடுங்கள். ஆறு மாத ஸ்டேட்மென்ட் தெளிவாக நின்றால் பாதி வேலை முடிந்தது. வருமான வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாவிட்டாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்யுங்கள். இரண்டு வருட ரிட்டர்ன் இல்லாமல் 7 லட்சம், 13 லட்சம் என்று கேட்டால் கிளையில் பேச்சே நகராது. முத்ரா தவணையில் எப்போதாவது பத்து நாள், பதினைந்து நாள் தாமதம் உண்டா? உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசமாகவே கிடைக்கும்.

மாமனார் இடம் என்றீர்கள். குடும்பத்துக்குள் எழுத்து எதற்கு என்று தோன்றும், ஆனால் வங்கிக்கு எழுத்து வேண்டும். அவரிடம் கடன் காலத்தைத் தாண்டும் அளவுக்கு, ஏழெட்டு வருடக் குத்தகை ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள். அவருக்கு வேறு பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் தெரிந்தே செய்வது நல்லது. இல்லாவிட்டால் 2 லட்சம் போட்டுக் கட்டிய ஷெட் நாளைக்குப் பங்காளிப் பேச்சில் மாட்டிக்கொள்ளும்.

கரண்டு விஷயமும் இதோடு சேர்ந்தது. இரண்டாவது மோட்டார் போட்டால் கூடுதல் மின்பளுவுக்கு மின்வாரியத்தில் எழுத வேண்டும். குடிசை, குறுந்தொழில்களுக்கான தாழ்வழுத்தக் கட்டணம் 12 கிலோவாட் வரைதான். அதைத் தாண்டினால் கட்டண வகையே மாறி, யூனிட் விலை ஏறும். செக்கு, ஃபில்டர், தண்ணீர் மோட்டார் எல்லாம் கூட்டி எவ்வளவு வருகிறது என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுக்கொண்டு இயந்திரத்தைத் தேர்வு செய்யுங்கள். புதிதாகத் தொடங்கும் தகுதியான குறுந்தொழில்களுக்கு 36 மாதம் 20 சதவீத மின்கட்டண மானியம் மாநில அரசு தருவது உங்களுக்கு அப்போது யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. இதைப் படிக்கும் புதியவர்கள் யாராவது இருந்தால் மாவட்டத் தொழில் மையத்தில் அதையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தங்கை பெயரில் புது கம்பெனி காட்டும் யோசனை வேண்டவே வேண்டாம். அவர்கள் சொல்வது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமான பி.எம்.இ.ஜி.பி.யாகவோ, வேலையில்லா இளைஞர்களுக்கான மாநில அரசின் யூ.ஒய்.இ.ஜி.பி.யாகவோ இருக்கும். முதலாவதில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்டம், கிராமப்புறப் பெண்களுக்கு மானியம் 35 சதவீதம். இரண்டாவதில் 15 லட்சம் வரை திட்டம், 25 சதவீதம், உச்சவரம்பு 3.75 லட்சம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். இந்த இரண்டு மானியமுமே புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும். ஓடிக்கொண்டிருக்கும் உங்கள் செக்கைப் புதிது என்று காட்டினால் நேரடி ஆய்வுக்கு வருபவருக்கு ஷெட்டின் எண்ணெய்க் கறையே சொல்லிவிடும். உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது உங்கள் தங்கை. மானியத்தைத் திரும்பக் கேட்டாலும், கடன் நின்றுபோனாலும் அவர் சிபிலில்தான் விழும். அவர் உண்மையிலேயே வேறு தொழில் தொடங்கினால் அது தனிக் கதை, தாராளமாக எழுதட்டும்.

முத்ராவில் வாங்கியவர்களுக்கு பி.எம்.இ.ஜி.பி.யிலேயே விரிவாக்கத்துக்கு இரண்டாம் கடன் உண்டு. உற்பத்திக்கு 1 கோடி வரை, மானியம் 15 சதவீதம். ஆனால் முதல் கடன் முழுவதும் அடைந்திருக்க வேண்டும், தொழில் லாபத்திலும் இருந்திருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் ஒன்றரை வருடம் இருப்பதால் இப்போதைக்குப் பொருந்தாது. பெரிதாக வளர்ந்த பிறகு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எந்தச் சமூகம் என்று எழுதவில்லை. பட்டியல் சாதி, பழங்குடியினராக இருந்தால் இதுவரை சொன்ன எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டு முதலில் மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தைக் கேளுங்கள். 35 சதவீத மானியம், உச்சவரம்பு 1.5 கோடி, அதோடு 6 சதவீத வட்டி மானியம். இருக்கும் தொழிலை விரிவாக்கவும் பொருந்தும்.

பஞ்சாயத்து யூனியனில் தொழில் கடன் என்று தனியாக எதுவும் இல்லை. உள்ளாட்சியிடம் நீங்கள் போக வேண்டியது தொழில் உரிமத்துக்கும் கட்டட அனுமதிக்கும்தான். ஆனால் நீங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் இருந்தால் ஒரு வழி உண்டு. அதே பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில், உணவுத் தொழில் செய்யும் குழு உறுப்பினருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனம், கூட்டமைப்பு வழியாகக் கடனாகக் கிடைக்கும். சின்னக் கருவிகளுக்கும் கச்சாப் பொருளுக்கும் ஆகும். வட்டார அளவில் மகளிர் திட்டப் பணியாளர்களிடம் விசாரியுங்கள்.

வங்கியில் வீட்டுப் பத்திரம் கேட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பார்கள். குறு, சிறு தொழில்களுக்கு 20 லட்சம் வரையான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி, 2026 ஏப்ரலுக்கு முன் அது 10 லட்சமாக இருந்தது.  அதற்கு மேல் போனாலும் கடன் உத்தரவாத நிதியான சிஜிடிஎம்எஸ்இ வழியாகப் பிணையில்லாமல் தர முடியும், ஆண்டுக் கட்டணம் உண்டு. 25 லட்சம் வரையான விண்ணப்பத்துக்கு 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும் விதி இருக்கிறது. நடைமுறையில் மானியத் திட்டங்களில் அதைவிட இழுக்கும். சட்டத்தைக் காட்டி மேலாளரோடு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. விண்ணப்பம் கொடுத்த தேதிக்கு ஒப்புகையும், மறுத்தால் காரணம் எழுத்திலும் வாங்குங்கள். அந்தக் காகிதத்தோடு, மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரைப் பார்த்தால் பேச இடம் உண்டு. வாய்மொழியாக “இப்ப முடியாதும்மா” என்று சொன்னதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது.

கடன் அனுமதிக் கடிதம் வந்ததும் கிளையிலேயே நின்று மூன்று கேள்வி கேளுங்கள். மானியத் தொகை தனிக் கணக்கில் இருக்கும் காலத்தில் அந்த அளவு கடனுக்கு வட்டி போடுவார்களா, தவணை எந்த மாதத்திலிருந்து தொடங்குகிறது, காப்பீடு என்ற பெயரில் கடனோடு எதையாவது சேர்த்திருக்கிறார்களா. இயந்திரத்துக்கும் இருப்புக்கும் தீ விபத்துக் காப்பீடு வேண்டியதுதான். உங்களுக்குச் சம்பந்தமில்லாத சேமிப்பு பாலிசி வேண்டியதில்லை.

கடைசியாக அந்த ஏஜென்ட். இத்திட்டத்தில் விண்ணப்பம் போட, திட்ட அறிக்கை தயாரிக்க, வங்கியோடு பேச உதவுவதற்கென்றே மாவட்ட வள நபர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கூலி அரசாங்கம் கொடுக்கிறது, நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. ஈரோடு மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் உங்கள் வட்டாரத்துக்கு யார் என்று சொல்வார்கள். குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவும் அரசு தளத்தில் இலவசம். முத்ரா வாங்கும்போது யாராவது பணம் வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுத்திருந்தால், அதில் இருக்கும் தொழில் வகையும் மொபைல் எண்ணும் உங்களுடையதுதானா என்று ஒருமுறை பாருங்கள். ஏஜென்டுடைய எண் இருந்தால் ஓடிபி அவருக்குத்தான் போகும், மாற்றிவிடுங்கள்.

15,000 முன்பணம் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால், ஆதார், பான், கையெழுத்திட்ட காசோலை என்று என்னென்ன அவரிடம் இருக்கிறதோ அதை முதலில் திரும்ப வாங்குங்கள், பணம் அப்புறம். காசோலையைத் திருப்பித் தராவிட்டால் எண்ணைச் சொல்லி வங்கியில் நிறுத்திவையுங்கள்.

தொழில் மையத்துக்குப் போகும்போது உத்யம் சான்றிதழ், உணவுப் பாதுகாப்புப் பதிவு, ஆறு மாத ஸ்டேட்மென்ட், இரண்டு கொட்டேஷன், முத்ரா கணக்கு விவரம் எடுத்துப்போங்கள். நிதியாண்டு தொடங்கிய முதல் மூன்று மாதம் போனால் இலக்கும் இருக்கும், அதிகாரிகளுக்குப் பேச நேரமும் இருக்கும். பிப்ரவரி, மார்ச்சில் போனால் எல்லோரும் வருடக் கணக்கை முடிக்கும் அவசரத்தில் இருப்பார்கள், உங்கள் காகிதம் அடியில் போய்விடும். இப்போது ஸ்டேட்மென்ட் தயாராக இல்லை என்றால் அந்த ஆறு மாதத்தை விற்பனையைக் கூட்டப் பயன்படுத்துங்கள். 600 லிட்டர் 700 ஆகிவிட்டால் நான் மேலே போட்ட கணக்கெல்லாம் உங்களுக்குச் சாதகமாகத் திரும்பும். அப்போது புது எண்ணிக்கையோடு திரும்ப எழுதுங்கள், நிரப்பும் இயந்திரத்தைப் பற்றி மறுபடி பேசலாம்.